பூட்டியவர் வரும்வரை

வேலை இடத்தில் அவனுக்கு இருந்த ஒரே பெயர் பூட்டு. அடையாள அட்டையில் வேறொரு பெயர் அச்சாகியிருந்தது உண்மைதான். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க இரண்டு நொடி ஆகும். பதினாறு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். உயரம் சராசரி, பேச்சு சராசரிக்கும் கீழே, இடுப்பு வாரில் எந்நேரமும் ஒரு சிவப்புப் பூட்டு. நான் சொல்ல வந்தது அந்தப் பூட்டு அவன் வீட்டுக்குள் நுழைந்த கதை. ஆகவே முதலில் அதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

லிஃப்டைப் பழுது பார்க்கப் போகிறவர் முதலில் மொட்டைமாடிக்கு ஏறி, மோட்டார் இருக்கும் அறையில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அணைத்த சுவிட்சில் தன் சொந்தப் பூட்டைப் போட வேண்டும். பூட்டோடு ஒரு சிவப்பு அட்டை தொங்கும்: ‘உள்ளே ஆள் இருக்கிறார், இயக்காதீர்கள்.’ சாவி அவர் பையில். வேலை முடிந்து, கை கால் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, அவரே மேலே வந்து திறக்க வேண்டும். மேனேஜர் வந்து நின்றாலும், கட்டிட உரிமையாளர் வந்து குதித்தாலும், எட்டாவது மாடிக்காரர் மூச்சு வாங்கப் படியேறி வந்து வாய்க்கு வந்தபடி திட்டினாலும், அந்தப் பூட்டில் வேறு கை படக் கூடாது.

இந்த விதியை எல்லா மெக்கானிக்கும் படித்திருக்கிறார்கள். ஆனால் இவன் அளவுக்குப் பிடித்த பிடியில் நின்றவர்கள் இல்லை. ஒரு தடவை ஒருவன் பூட்டைத் திறக்க மறந்து முடிவெட்டப் போய்விட்டான். மாற்றுச் சாவி ஆபீஸில் இருந்தது. எடுத்துத் திறந்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை. இவன் கடை கடையாகத் தேடி, அந்த ஆளைப் பாதித் தலையோடு, கழுத்தில் கட்டிய துணியோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். பூட்டு என்ற பெயர் நிலைத்தது அன்றைக்குத்தான்.

சிரித்தவர்கள் எல்லாருக்கும் காரணமும் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவன் அந்த விதியை ஒரே ஒரு தடவை மீறினான். கூட்டாளி லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழியில் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தான். மேலே குடியிருப்பவர்களின் கூச்சல். கூட்டாளியின் சாப்பாட்டுப் பை வாசலில் இல்லை. சரி, சாப்பிடப் போயிருக்கிறான் என்று இவனே முடிவு கட்டி, மாற்றுச் சாவியால் பூட்டைத் திறந்து சுவிட்சைப் போட்டான். லிஃப்ட் இரண்டடிதான் நகர்ந்தது. பையைக் குழிக்குள் கொண்டுபோய் வைத்திருந்த கூட்டாளியின் வலது கை, கயிறு ஓடும் சக்கரத்தில் இருந்தது. மூன்றரை விரல் போயிற்று. அந்த ஆள் வேலைக்குத் திரும்பி வந்த முதல் நாளே தனக்குத் தானே ஆறரை என்று பெயர் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் சங்கடப்படுவதற்கு இடமில்லாமல் செய்துவிட்டான். இன்றைக்கும் இரண்டு பேரும் ஒரே வண்டியில்தான் வேலைக்குப் போகிறார்கள்.

அந்த விபத்துக்குப் பிறகு கம்பெனியில் ஒரு படிவம் வந்தது. பூட்டியவர் நிஜமாகவே வர முடியாத நிலையில் இருந்தால், பூட்டை அகற்றுவதற்கான படிவம். பூட்டியவர் யார், எதற்காகப் பூட்டினார், அவரைத் தொடர்புகொள்ள முயன்றாயிற்றா, இடத்தைச் சோதித்தவர் யார் என்று நாலு கேள்வி. ஐந்தாவது கேள்வியை இவன் மேனேஜரிடம் மல்லுக்கட்டிச் சேர்க்க வைத்தான்: ‘உள்ளே இருப்பவரைக் கூப்பிட்டுக் கேட்டாயிற்றா? என்ன பதில்?’ அன்றைக்கு அவன் குழிக்குள் எட்டிப் பார்த்து ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். கொடுக்கவில்லை.

படிவத்தை அச்சடிக்க அவன்தான் அச்சுக்கடைக்குப் போனான். கடையில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்த பெண் ஐந்தாவது கேள்வியைப் படித்துவிட்டு, “பதில் எழுத இவ்வளவு இடம் போதுமா?” என்று கேட்டாள். அதுவரை அதை யாரும் அவனிடம் கேட்டதில்லை. இரண்டு அங்குலம் கூட்டச் சொன்னான். பிறகு சிவப்பு அட்டை அச்சடிக்கப் போனான், அட்டைக்கு இரும்பு வளையம் போடப் போனான், வளையம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனான். ஆறாவது தடவை போனபோது அவளே, “இன்னும் என்னதான் அச்சடிக்கணும் உங்களுக்கு?” என்று கேட்டுவிட்டாள். அடுத்து அச்சடித்தது கல்யாணப் பத்திரிகை. அவனுக்கு வயது முப்பத்தைந்து, அவளுக்கு முப்பத்திரண்டு.

மூன்றாவது வருஷம் அவள் கருவுற்றாள். முதல் மூன்று மாதம் குமட்டல். அவன் சட்டையில் ஒட்டியிருக்கும் கிரீஸ் வாசனைக்கே எழுந்து ஓடுவாள். ஆசையெல்லாம் எங்கோ மூலையில் கிடந்தது. நாலாவது மாதம் குமட்டல் நின்றது. நின்ற வேகத்தில் மற்றது திரும்பியது. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

“என்னன்னு தெரியல. முன்ன விட இப்பதான் அதிகமா இருக்கு. இது சரியா?”

“புத்தகத்துல பாரு.”

“பாத்துட்டேன். சிலருக்கு அப்படித்தானாம்.”

“அப்ப சரி.”

அந்த ஐந்தாறு வாரம் இருவருக்கும் நல்ல காலம். அவனுக்கு வேலை காலை ஆறு மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்கு முடியும். அவளுக்கு வாரத்தில் இரண்டு நாள் அரை நாள் கடை. மாலை வெயில் ஜன்னல் வழியாகக் கட்டிலின் மேல் விழும்போது இரண்டு பேரும் அங்கே இருப்பார்கள். வயிறு சின்னதாக மேடு தட்டியிருந்தது. அதற்கு ஏற்றபடி எப்படிப் படுப்பது, எங்கே கையை வைப்பது என்று பேசிப் பேசிப் பார்த்துக்கொண்டார்கள். மூன்று வருஷத்தில் பேசாததை எல்லாம் அப்போது பேசினார்கள். அவன் வாயிலிருந்து அவ்வளவு வார்த்தை வந்ததை வேலை இடத்தில் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

இருபத்தொன்றாவது வாரம், அப்படி ஒரு மாலை கழிந்த மறுநாள் காலையில், அவளுக்கு ரத்தம் பட்டது. அதிகமில்லை. ஆனாலும் ரத்தம். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு, குழந்தைக்கு ஒன்றுமில்லை என்றார். நஞ்சுக்கொடி கீழே, கர்ப்பப்பையின் வாய்க்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. பெரும்பாலும் நாள் போகப் போகத் தானே மேலே ஏறிவிடும். அதுவரைக்கும் கனம் தூக்கக் கூடாது, ரத்தம் மறுபடி பட்டால் உடனே வர வேண்டும் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

“நாங்க சொல்ற வரைக்கும் உறவும் கூடாது. புரிஞ்சுதா?”

புரிந்தது. அவனுக்குப் புரிந்த அளவுக்கு அந்த அம்மாவின் நோயாளிகளில் வேறு எந்தக் கணவனுக்கும் புரிந்திருக்காது. பெரிய டாக்டரம்மா பூட்டுப் போட்டுவிட்டார். சாவி அவர் பையில்.

இங்கேதான் அவன் ஒரு தப்புச் செய்தான். டாக்டர் தடை சொன்னது ஒரே ஒரு விஷயத்துக்கு. பக்கத்தில் படுக்கக் கூடாது என்றோ, கையைப் பிடிக்கக் கூடாது என்றோ, முத்தம் கொடுத்தால் நஞ்சுக்கொடி கோபித்துக்கொள்ளும் என்றோ சொல்லவில்லை. ஒரு லிஃப்டைப் பூட்டச் சொன்னால் இவன் கட்டிடத்தையே இழுத்து மூடினான். படுக்கை ஹாலில் இருந்த சோபாவுக்கு மாறியது. “கட்டில்ல உனக்குத் தாராளமா இடம் வேணும்” என்றான். வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதைக்கூட நிறுத்திக்கொண்டான். குழந்தை முதன்முதலில் வெளியே தெரியும்படி உதைத்தபோது, “இங்க வாங்க, கையை வையுங்க” என்று அவள் கூப்பிட்டாள். “கை அழுக்கா இருக்கு” என்று சொல்லிக் குளியலறைக்குப் போனவன் வருவதற்குள் உதை நின்றுவிட்டது. அவன் வேண்டுமென்றேதான் மெதுவாகக் கழுவினான்.

காரணத்தை அவன் யாரிடமும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். அந்த ரத்தம் தன்னால் வந்தது என்று அவன் நம்பினான். உள்ளே ஒரு ஆள் இருக்கும்போது தான் போய் மறுபடியும் சுவிட்சைப் போட்டுவிட்டதாக நம்பினான். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் அவன் கேட்கவும் இல்லை. கேட்டு, ஆமாம் என்று பதில் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

பத்து வாரம் ஓடியது. முப்பத்தொன்றாவது வாரம் இரண்டாவது ஸ்கேன். அதற்கு அவன் கூடப் போவதாகத்தான் இருந்தது. அன்று காலை ஒரு கட்டிடத்தில் மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் நாலு பேர் மாட்டிக்கொண்டார்கள். அவள் தனியாகப் போய்வந்தாள். அவன் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும் முன்பே சொன்னாள்.

“நஞ்சு நல்லா மேல ஏறிடுச்சாம். இனிமே பயமே இல்லன்னாங்க.”

“ரொம்ப நல்லது.”

“எல்லாத்துக்கும் சரின்னாங்க.” கொஞ்சம் நிறுத்தினாள். “நானே கேட்டேன். அதுக்கும் சரியாம்.”

அவளுக்கு அதைச் சொல்ல எவ்வளவு கூச்சம் இருந்தது என்பது காது சிவந்திருந்ததிலேயே தெரிந்தது. அவன் செருப்பைச் சுவரோரம் ஜோடியாக வைத்தான்.

“யாரு சொன்னது? பெரிய டாக்டரம்மாவா?”

“இல்ல. அவங்க லீவு. மூட்டு ஆப்பரேஷனாம், வர மூணு மாசம் ஆகும். அவங்க இடத்துல ஒரு சின்ன டாக்டர் இருக்காங்க. ரொம்பத் தன்மையா பேசுறாங்க.”

“அவங்க வரட்டும்.”

“யாரு?”

“பெரிய டாக்டரம்மா. வேண்டாம்னு சொன்னவங்க அவங்கதானே.”

அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். “அவங்க வரும்போது குழந்தை பிறந்து ஒரு மாசம் ஆயிருக்கும்.”

“அதனால என்ன” என்றான் அவன். உண்மையாகவே அவனுக்கு அதில் ஒன்றும் தவறாகத் தெரியவில்லை.

அடுத்த மூன்று வாரம் அவள் தன்னால் முடிந்ததைச் செய்து பார்த்தாள். முதுகு வலிக்கிறது, தேய்த்துவிடுங்கள் என்றாள். அவன் தேய்த்தான், மேலிருந்து கீழே நாலு இழுப்பு, கீழிருந்து மேலே நாலு இழுப்பு, கம்பிக்குக் கிரீஸ் போட்டு முடித்தவனாகத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டான். புதிதாக ஒரு நீல நிற உடுப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். “காத்தோட்டமா இருக்கு” என்றான். “சும்மா வந்து பக்கத்துல படுங்க, ஒண்ணும் வேண்டாம்” என்று நேரடியாகவே சொல்லிப் பார்த்தாள். அவன் வந்து படுத்தான். கட்டிலின் ஓரத்தில், கையைத் தன் நெஞ்சின் மேல் கட்டிக்கொண்டு, ஒரு மணி நேரம் அசையாமல். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

முப்பத்துநாலாவது வாரம் ஒரு வியாழக்கிழமை காலை, அவன் சாப்பாட்டுப் பையை மூடிக்கொண்டிருந்தபோது அவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

“அக்காகிட்ட பேசிட்டேன். சனிக்கிழமை நாலு மணிக்கு வந்து என்னைக் கூட்டிட்டுப் போறா. பிரசவம் வரைக்கும் அங்கயே இருந்துக்கறேன்.”

“ஏன், இங்க என்ன குறை?”

“கேக்கறீங்களா? நெஜமாவே கேக்கறீங்களா?” அவள் குரலை உயர்த்தவில்லை. “என்னைப் பாத்தா உங்களுக்கு இப்ப பிடிக்கலை. அதை வாயால சொல்லிட்டா நான் பாட்டுக்கு இருந்துடுவேன். டாக்டர் வரட்டும், டாக்டர் வரட்டும்னு சாக்குச் சொல்றீங்களே, அதுதான் தாங்கல. நான் தடுக்கி விழுந்தாக்கூட அந்த டாக்டர் வந்துதான் என்னைத் தூக்கணுமா?”

அவன் பேய் அறைந்தவன் மாதிரி நின்றான். பிடிக்கவில்லையா? அந்த நீல உடுப்பைப் பார்த்த நாளில் அவன் மேலும் கீழுமாகப் படி ஏறி இறங்கிவிட்டு வந்தது அவளுக்குத் தெரியாது. சொல்ல வேண்டியது தொண்டை வரைக்கும் வந்தது. வெளியே வந்தது வேறு.

“இன்னொரு தடவை என் கையால ஆகக் கூடாது.”

சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவள் கதவைப் பார்த்தபடி நின்றாள். ‘இன்னொரு தடவை’ என்றால், முதல் தடவை எது?

அச்சுக்கடையில் வேலை பார்ப்பவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதா? அரை மணி நேரத்தில் புரிந்துகொண்டாள். புரிந்ததும் அழுதாள், பிறகு கோபம் வந்தது, பிறகு போனை எடுத்தாள்.

மறுநாள், வெள்ளிக்கிழமை, ஒரு ஆபீஸ் கட்டிடத்தின் குழிக்குள் அவனும் ஆறரையும் குந்தி உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது ஆறரை பேச்சோடு பேச்சாகச் சொன்னான்:

“உன் வீட்டம்மா நேத்து போன் பண்ணாங்க. என் விரலைப் பத்திக் கேட்டாங்க.”

அவன் கையிலிருந்த ஸ்பேனர் நின்றது. “எதுக்கு?”

“எதுக்குன்னு சொல்லல. விவரமாக் கேட்டாங்க, விவரமாச் சொன்னேன்.”

“என்ன சொன்னே?”

“உள்ளதைச் சொன்னேன். பூட்டைத் திறந்தது பெரிய தப்பில்ல, எல்லாரும் ஒருநாள் திறந்திருக்கோம். கூப்பிட்டுப் பாக்காததுதான் தப்புன்னேன். நீ கெட்டவன் இல்லம்மா, கூப்பிடாதவன், அவ்வளவுதான்னேன்.” ஆறரை மீதமிருந்த விரல்களால் மூக்கைச் சொறிந்துகொண்டான். “அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பேனரைக் கொடு.”

சனிக்கிழமை அரை நாள் வேலை. ஒரு மணிக்கு அவன் வீட்டுக்கு வந்தபோது கதவோரம் ஒரு பெட்டி, அதன் மேல் ஒரு பை, பையின் மேல் அவள் செருப்பு. அவன் கடிகாரத்தைப் பார்த்தான். இன்னும் மூன்று மணி நேரம். அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். நீல உடுப்பு. முன்னால் ஒரு தாள், மேலே ஒரு பேனா.

“உக்காருங்க. இதைப் படிங்க.”

தாளைத் தலைகீழாகப் பார்த்தாலும் அவனுக்கு அடையாளம் தெரியும். கம்பெனிப் படிவம். பூட்டு அகற்றும் படிவம். ஆறு வருஷத்தில் அவன் ஒரு தடவைகூட நிரப்பியதில்லை. ஆளைத் தேடிக் கூட்டிவருவதுதான் அவன் வழக்கம். இப்போது அது அவள் கையெழுத்தில் நிரம்பியிருந்தது.

பூட்டியவர்: பெரிய டாக்டர். இருபத்தொன்றாவது வாரம்.

பூட்டியதற்குக் காரணம்: நஞ்சுக்கொடி கீழே இருந்தது. இதற்குக் கீழே வேறொரு கையெழுத்து, நீல மையில், அவசர எழுத்தில்: ‘ரத்தம் வந்ததற்கும் இதுவே காரணம். நஞ்சு அங்கே இருந்தால் சும்மா உட்கார்ந்திருந்தாலும் வரும். கணவர் காரணம் அல்ல.’ ‘அல்ல’வுக்கு அடியில் இரண்டு கோடு.

அவன் அந்த வரியிலேயே நின்றுவிட்டான். அவள் காத்திருந்தாள். எத்தனை தடவை படித்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தான், அது நிச்சயம்.

பூட்டியவரைத் தொடர்புகொள்ள முயன்றாயிற்றா: ஆயிற்று. மூட்டு ஆப்பரேஷன் முடிந்து வீட்டில் இருக்கிறார். சின்ன டாக்டர் போனில் பேசினார். ‘இன்னுமா?’ என்று பெரிய டாக்டர் கேட்டாராம்.

இடத்தைச் சோதித்தவர்: சின்ன டாக்டர், முப்பத்தொன்றாவது வாரம். நஞ்சுக்கொடி வாய்க்கு வெகு மேலே. கர்ப்பப்பை வாய் மூடியிருக்கிறது. குழந்தை பனிக்குடத்துக்குள் பத்திரமாக இருக்கிறது. அதன் மேல் எதுவும் படாது. வயிற்றில் பாரம் விழாமல் பக்கவாட்டில் படுப்பது வசதி. ரத்தம், நீர்க் கசிவு, விடாத வலி, இவற்றில் ஒன்று வந்தாலும் நிறுத்திவிட்டு உடனே வரவும். மற்றபடி தடை இல்லை. கையெழுத்து, ஆஸ்பத்திரி முத்திரை.

“முத்திரைகூடப் போட்டாங்களா?”

“நான் விடலையே. உங்களைத் தெரியாதா எனக்கு?”

“சிரிச்சிருப்பாங்க.”

“முதல்ல நல்லா சிரிச்சாங்க. அப்புறம் சிரிக்கல. இப்படிக் கேக்காமலே வீட்ல எத்தனை பேர் பயந்துட்டு இருக்காங்களோன்னாங்க. ஸ்கேன் பாத்து அனுப்பும்போது கையில ஒரு தாள் குடுக்கணுமாம். நம்ம கடையிலதான் அச்சடிக்கப் போறாங்க.”

அவன் தாளின் அடிப்பகுதிக்கு வந்தான். ஐந்தாவது கேள்வி. ‘உள்ளே இருப்பவரைக் கூப்பிட்டுக் கேட்டாயிற்றா? என்ன பதில்?’ அதன் கீழே, அவன் கேட்டுக் கூட்டி வாங்கிய இரண்டு அங்குலமும் வெறுமையாக இருந்தது.

“இதை விட்டுட்டியே.”

“அதை டாக்டர் எழுத முடியாது. நானும் எழுத முடியாது.” அவள் பேனாவை அவன் பக்கம் தள்ளினாள். “கூப்பிட வேண்டியது நீங்க.”

அவன் பேனாவைத் தொடவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து மேஜையைச் சுற்றி வந்து, அவள் முன்னால், குழியில் குந்துகிற மாதிரியே குந்தினான். பதிமூன்று வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக இரண்டு கையையும் அவள் வயிற்றில் வைத்தான். அவ்வளவு பெரிதாகியிருக்கும் என்று அவன் நினைக்கவே இல்லை. தினமும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தும் தெரிந்திருக்கவில்லை.

“உள்ளே யாரு?” என்றான், குழியின் விளிம்பிலிருந்து கேட்கும் குரலில்.

உள்ளே இருந்தது ஒரு உதை விட்டது. நல்ல பலமான உதை; அவன் கை எகிறியது. அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே நிமிர்ந்து அவளைப் பார்த்தபோது அவள் சிரிக்கவில்லை என்பதைக் கண்டான். இன்னும் அவள் காத்துக்கொண்டிருந்தாள். படிவத்தில் உள்ளே இருப்பவர் என்று இவ்வளவு நாளும் தான் நினைத்துக்கொண்டிருந்தது குழந்தையை மட்டும்தான் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

“நீ?” என்றான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி கேட்டான். “நீ இருக்கியா? உனக்கு வேணுமா? பயமா இருக்கா?”

“பதிமூணு வாரமா இங்கயேதான் இருக்கேன்” என்றாள் அவள். “நீங்கதான் கூப்பிடல.”

அவன் அவள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அந்த மாலையைப் பற்றி, அந்தக் காலையைப் பற்றி, கை கழுவப் போனதைப் பற்றி, நீல உடுப்பைப் பற்றி எல்லாம் சொன்னான். படி ஏறி இறங்கியதைச் சொன்னபோது அவள், “எத்தனை மாடி?” என்று கேட்டாள். “எட்டு. ரெண்டு தடவை” என்றான். அப்போதுதான் அவள் சிரித்தாள். அழுகையும் கூடவே வந்தது.

பிறகு ஜன்னல் வெயில் விழுந்திருந்த கட்டிலுக்குப் போனார்கள். பழைய பழக்கம் உதவவில்லை. எல்லாமே இடம் மாறியிருந்தது. அவள் இடப்பக்கமாகப் படுத்தாள். வயிற்றுக்குக் கீழே ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று, முதுகுக்குப் பின்னால் அவன். ஒவ்வொன்றுக்கும் அவன் கேட்டான். “இது சரியா? இப்ப?” ஐந்தாவது தடவை அவள், “எல்லாத்துக்கும் படிவம் வேண்டாம்” என்றாள். நடுவில் அவளுக்குக் கெண்டைக்காலில் தசை பிடித்துக்கொண்டது. எழுந்து உட்கார்ந்து காலை நீவிவிட்டு மறுபடி தொடங்கினார்கள். அவசரம் இல்லை, பெரிய வித்தை எதுவும் இல்லை. நெடுநாள் மூடிக்கிடந்த வீட்டைத் திறந்து அறை அறையாக நடந்து பார்ப்பது போல் இருந்தது. முடிந்த பிறகு வயிறு ஒரு நிமிஷம் கல்லாக இறுகியது. அவன் முகம் வெளிறியது. “இதையும் டாக்டர் சொன்னாங்க. கொஞ்ச நேரத்துல தானே விட்டுடும்” என்றாள். விட்டுவிட்டது. இருவரும் கையைக் கோத்துக்கொண்டு படுத்திருந்தார்கள்.

மூன்றே காலுக்கு அவள் அக்காவின் போன் வந்தது, கிளம்பிவிட்டேன் என்று. அவனே எடுத்துப் பேசினான்.

“வாங்க, வந்து காபி குடிச்சுட்டுப் போங்க. ஆனா அவ வரல.”

“ஏன், என்ன ஆச்சு? நேத்து வரைக்கும் ஒத்தக்கால்ல நின்னாளே.”

“தப்பு என்மேல” என்றான் அவன். மாப்பிள்ளை வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியத்தை அக்கா எதிர்பார்த்திருக்கவில்லை.

அக்கா வந்து சேர்வதற்குள் அவன் பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கினான். சோபாவில் கிடந்த தன் தலையணையை எடுத்துக் கட்டிலில் போட்டான். பிறகு மேஜைக்கு வந்து உட்கார்ந்து பேனாவை எடுத்தான். எந்தப் படிவத்தையும் பாதியில் விட்டு அவனுக்குப் பழக்கமில்லை.

கூப்பிட்டுக் கேட்டாயிற்றா என்பதற்கு நேரே, ‘ஆயிற்று’ என்று எழுதினான். பதில் என்ற இடத்தில், ‘இருவரும் இருக்கிறார்கள்’ என்று எழுதினான். கீழே, பூட்டு உரிய நேரத்தில் அகற்றப்படாவிட்டால் நிரப்புவதற்கென்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதையும் விடவில்லை. தாமதம்: மூன்று வாரம் என்று எழுதினான், யோசித்தான், அதை அடித்துவிட்டுப் பதிமூன்று வாரம் என்று திருத்தினான். காரணம்: நான் கேட்கவில்லை. அடியில் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டு, அவள் பார்க்கட்டும் என்று அவள் பக்கமாகத் திருப்பி வைத்தான்.